துடக்கோடு ஸ்கை தீவுக்கு

மலையும் தண்ணீரும் பார்ப்பதற்காகச் சுவிஸிலிருந்து ஸ்கொட்லாந்துக்குக் காரில் போகப்போகிறோம் என்று சொன்னால், கேட்கிறவர் முதலில் எங்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்ப்பார். நாங்கள் இருப்பது துன் நகரத்தில். யன்னலுக்கு வெளியே ஏரி இருக்கும், ஏரிக்கு அந்தப் பக்கம் பனி மூடிய மலை இருக்கும். அந்த மலையைப் படம் எடுக்க உலகத்தின் மறுகோடியிலிருந்து சனம் வந்து இறங்குகிறது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே தலைமைச் சமையல்காரர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தீவில் எந்த நாளும் மழைதானே என்று கேட்டார். ஓம் என்றேன். ஆடுகள்தானே நிற்கும் என்றார். அதற்கும் ஓம் என்றேன். என்னைப் பாவம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கைக் கவனிக்கப் போனார்.

யோசனை என்னுடையதல்ல, மனைவியுடையது. அவள் ஏரிக்கரை ஹொட்டேல் ஒன்றில் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை செய்கிறாள். ஒருநாள் யாரோ தொலைக்காட்சியை நிறுத்தாமலே அறையை விட்டு வெளியே போய்விட்டார். இவள் கட்டில் விரிப்பு மாற்றி முடிக்கும்வரை அது தன்பாட்டில் ஓடியிருக்கிறது. ஒரு தெரு. ஒரு கார் மட்டும் போகக்கூடிய அகலம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மரமே இல்லாத பச்சை மலை. தெருவின் நடுவில் ஓர் ஆடு படுத்திருக்கிறது. வந்த கார் நிற்கிறது. கார்க்காரர் இறங்கி, கதவில் சாய்ந்துகொண்டு, கடலைப் பார்க்கிறார். அன்று பின்னேரம் எனக்குச் சோறு போட்டபடியே இதைச் சொன்னாள்.

"ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கேல்லையப்பா. ஆடு தானா எழும்பிப் போச்சுது. அதுக்குப் பிறகுதான் கார் போனது."

"எந்த ஊராம்?"

"ஸ்கை எண்டொரு தீவாம். கீழை ரிசெப்ஷன் பெட்டையிட்டைக் கேட்டனான். ஸ்கொட்லாந்திலையாம்." கறியையும் ஊற்றினாள். "அங்கை எங்கட ஆக்கள் இருப்பினமோ?"

"இருக்கமாட்டினம்."

"வடிவாத் தெரியுமோ?"

"கோயில் இல்லை, தமிழ்க்கடை இல்லை. எங்கட ஆக்கள் அங்கை போய் என்ன செய்யிறது?"

"அப்ப அங்கைதான் போகவேணும்" என்றாள்.

அவள் மனிதரை வெறுக்கிறவள் அல்ல. இதை விளங்கிக்கொள்ள நாங்கள் கார் ஓடும் விதத்தைச் சொல்ல வேண்டும். சுவிஸில் உள்ள எங்கள் ஆட்கள் காரில் ஏறினால் ஏதாவது ஒரு மண்டபத்தில்தான் இறங்குவோம். கலியாணம், பிறந்தநாள், அரங்கேற்றம், சாமத்தியவீடு, இல்லாவிட்டால் செத்தவீடு. எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் வெளிக்கிடுவோம். என் அக்கா எம்மன்புரூக்கேயில் இருக்கிறா. அவ வீட்டுக்குப் போகப் பிரூனிக் கணவாயைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் ஒரு வளைவில், கீழே லுங்கேர்ன் ஏரி பச்சைப் பசேலென்று தெரியும். கார் நிறுத்த இடம் விட்டு, இருந்து பார்க்க வாங்கும் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மனைவி, "ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்பாள். ஒவ்வொரு முறையும் நான், "நேரம் போட்டுது, வரேக்கை பாப்பம்" என்பேன். வரும்போது இருட்டிவிடும். பின் சீட்டில் யாராவது ஓர் உறவினர், மடியில் மிஞ்சிய பலகாரப் பெட்டியோடு நித்திரை கொண்டிருப்பார். இப்படியே எத்தனையோ வருடம் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. ஹொட்டேல்காரர்கள் அவளுக்குப் பேரியன் தருவது நவம்பரில்தான். விடுமுறையை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம், தமிழில் சொன்னால் விடுமுறை எடுத்த மாதிரியே இராது. நவம்பரில் துன்னில் பனிப்புகார் இறங்கும். மலை எங்கே, ஏரி எங்கே என்று தெரியாது. அந்த வருடம் மட்டும் திருத்த வேலைக்காக ஹொட்டேலை ஓகஸ்டில் மூடினார்கள். இருபது வருட வேலையில் அவளுக்குக் கிடைத்த முதல் கோடை விடுமுறை அது, இரண்டு கிழமை, முழுதாகப் பதினாலு நாள். திருத்தி முடித்தால் இனி இருபது வருடத்துக்கு மூடமாட்டார்கள். அவளுடைய முழங்கால் அதுவரை தாங்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நாங்கள் ரெண்டு பேர் மட்டும்" என்றாள். "நான் நிப்பாட்டச் சொல்லுற இடத்திலை நீங்கள் நிப்பாட்டவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

சரி என்றேன். அந்த நேரத்தில் சரி என்பது சுகமாக இருந்தது.

பேர்ன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் வழியைத் தன் கைத்தொலைபேசி வரைபடத்தில் குறித்துத் தந்தாள். துன்னிலிருந்து பிரான்ஸுக்குள்ளால் கலே துறைமுகம், கப்பல், பிறகு நேரே வடக்கு. குறிகள் நாலே நாலு. பார்க்க அவ்வளவு துப்புரவாக இருந்தது. ஸ்கை தீவில் கடலோரமாக ஒரு சின்ன வீட்டையும் அவளே பிடித்துத் தந்தாள். மனைவி மஞ்சள் நிறத்தில் ஒரு மழைக்கோட்டு வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தாள்.

அந்த நாட்டில் இடப்பக்கம்தான் ஓட வேண்டும், அதனால் நான் இடப்பக்கம் கார் ஓடப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டியிருக்கும்; கார் நிறுத்துமிடம் வெறுமையாகக் கிடக்கும். அங்கே இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஓடினேன். நாயோடு நடக்க வந்த ஒரு கிழவர் மூன்று சுற்று நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியில் தட்டி, எனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். விசயத்தைச் சொன்னேன். மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நாயைக் கம்பத்தில் கட்டிவிட்டு, தானே நடுவில் போய் நின்று வட்டச்சந்தியானார். நான் அவரைச் சுற்றி ஓட ஓட, கையைக் காட்டி எந்த வழியால் வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டார். பிழை விட்டால் தலையில் கை வைத்தார். அடுத்த ஞாயிறும் வந்தார்.

இவ்வளவும் ஒழுங்காகத்தான் போனது. பிறகு நான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

கேட்டது ஒரே ஒரு கேள்வி. கலேக்கு அத்தான் எந்தப் பாதையால் போறவர், நெரிசல் குறைந்த பாதை எது?

"ஏன் கேக்கிறாய்?" என்றா.

"சும்மா."

"சும்மா ஒருத்தன் கலேக்கு வழி கேப்பானோ?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அக்கா ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவில் வேலை செய்கிறா. குடும்பத்தையும் அதே வேகத்தில்தான் கட்டுவா. நான் தொலைபேசியை வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் பாரிஸுக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து அத்தானின் தம்பி எடுத்து, தன் வீட்டில் சாப்பிடாமல் நாங்கள் பிரான்ஸைக் கடக்கிறது எப்படி என்று கோபித்தார். அன்றைக்கே லண்டனுக்கும் தெரிந்துவிட்டது. லண்டனில் இருப்பது எங்கள் அம்மாவின் தங்கச்சியின் மகள், எனக்குத் தங்கச்சி முறை. அவளுடைய மகளுக்குச் சாமத்தியவீடு, பிள்ளை பெரியவளானதற்கான சடங்கு. மண்டபம் எடுத்திருப்பது ஓகஸ்டில், சரியாக எங்கள் இரண்டு கிழமையின் நடுவில்.

"அண்ணை, கடவுளாப் பாத்துத்தான் உங்களை அனுப்புறார்" என்றாள். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் சகோதரம் இல்லை. தேங்காய் உடைக்கவும் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கவும் தாய்மாமன் முறைக்கு நான்தான். வரமுடியாது என்று சொல்லுவதற்கு என்னிடம் இருந்த காரணம் ஓர் ஆடு. அதை நான் சொல்லவில்லை.

பிறகு திட்டம் தன்பாட்டில் வளர்ந்தது. தனித்தனிக் காரில் போவது வீண் என்று அக்கா ஒன்பது பேர் போகும் வானுக்குச் சொல்லிவைத்தா. அக்கா, அத்தான், அவர்களுடைய பிள்ளைகள், பாரிஸில் ஏறும் இரண்டு பேர், நாங்கள். வழியில் சாப்பிடப் புட்டும் கட்டுச்சோறும், சமைக்க ரைஸ் குக்கரும், மண்டபத்துக்கு ஐம்பது பேருக்குப் பலகாரமும். லண்டன் போனால் நாலு கோயிலுக்கும் போகாமல் வரலாமோ? மகளின் வரைபடத்தில் குறிகள் பெருகின. ஸ்கை தீவுக்கு இருந்த ஏழு நாள் மூன்றாகியது. பிறகு, லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் தொட்டுவிட்டு வரலாம், அத்தான் ஓடுவார் என்று அக்கா சொன்னா. லண்டனிலிருந்து அது ஆயிரம் கிலோமீற்றர் என்று மகள் சொன்னதும், "அப்ப அடுத்த முறை ஆறுதலாப் பாப்பம்" என்றா.

ஸ்கை தீவுக்கென்று தொடங்கிய பயணத்தில் எல்லாம் இருந்தன, தீவைத் தவிர. மனைவி மஞ்சள் மழைக்கோட்டைக் கொழுவியில் மாட்டி, அலுமாரியின் உள்பக்கமாகத் தள்ளிவிட்டாள். "எனக்கென்ன, வரேக்கை பாப்பம் எண்டால் சரிதானே" என்றாள். என் குரலில் அப்படியே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அன்றே அக்காவுக்கு எடுத்து, நாங்கள் தனியே போகிறோம் என்று கண்டிப்பாகச் சொல்லத் தீர்மானித்தேன். சொன்னேன். அக்கா அழத் தொடங்கினா. அம்மாவும் அப்பாவும் இல்லாத இடத்தில் எங்கள் ஒற்றுமைக்காகத்தான் தான் இந்தப் பாடுபடுவதாகச் சொன்னா. தொலைபேசியை வைக்கும்போது, வானின் கூரையில் பூட்டும் பெட்டியைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் இருந்தது. எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஜூலை கடைசியில், ஒரு விடியற்காலை, அக்கா எடுத்தா.

"தம்பி, சித்தப்பா போயிட்டார்."

"எந்தச் சித்தப்பா?"

"ரொறன்ரோச் சித்தப்பா."

எங்கள் அப்பப்பாவின் தம்பியின் மகன். எனக்குச் சித்தப்பா முறை. நான் அவரைக் கண்டதில்லை. அக்கா சின்ன வயதில் ஒருமுறை கண்டதாகச் சொன்னா, ஆனால் அது அவரா, அவருடைய தமையனா என்று நிச்சயமில்லை. இருந்தாலும் செத்தவீட்டுச் செய்தி சொல்லுவதில் அக்காவை யாரும் முந்த முடியாது. என்னிடம் சொல்லும் முன்பே குடும்பத்தின் கைத்தொலைபேசிக் குழுவில் போட்டுவிட்டா. எரியும் குத்துவிளக்கு, வெள்ளைத் தாமரை, கீழே: எங்கள் பாசமிகு சித்தப்பா எம்மை ஆறாத்துயரில் ஆழ்த்தி இறைவனடி சேர்ந்தார். அரை மணித்தியாலத்துக்குள் அவுஸ்திரேலியா முதல் நோர்வேவரை உள்ள சொந்தமெல்லாம் எங்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டது. அக்கா ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொன்னா.

மத்தியானம் லண்டன் தங்கச்சி எடுத்தாள். குரல் வழமைக்கு மாறாக மெதுவாக இருந்தது.

"அண்ணை, பாசமான சித்தப்பாவோ?"

"ம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்பன்ரை பக்கத்துச் சித்தப்பாவெண்டால் நீங்கள் பங்காளியெல்லோ... துடக்கெல்லோ. எனக்கொண்டுமில்லை அண்ணை. இவரின்ரை அம்மா உதுகள் எல்லாம் பாக்கிறவ."

துடக்கு என்று நாங்கள் சொல்வதைத்தான் இந்தியத் தமிழர் தீட்டு என்கிறார்கள். தகப்பன் வழியில் ஒருவர் செத்தால் பங்காளிகளுக்கு முப்பத்தொரு நாள். கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியத்தில் நிற்கக்கூடாது, பிறர் வீட்டில் போய் இருக்கக்கூடாது. மச்சம் மாமிசம் தொடக்கூடாது. நாட்களை எண்ணிப் பார்த்தாள் தங்கச்சி. சாமத்தியவீட்டையும் தாண்டிப் போனது. துடக்குள்ள மாமன் தண்ணீர் வார்த்தால் அந்தப் பிள்ளையின் காலம் முழுக்க ஏதாவது ஒன்று நடக்கும்போதெல்லாம் என் பெயர் அடிபடும்.

சனிக்கிழமை அக்கா அத்தானோடு துன்னுக்கே வந்துவிட்டா. அத்தான் வழக்கம்போல் சோபாவில் சாய்ந்து நித்திரையானார். அக்கா உட்காரவில்லை.

"அவர் ஆரெண்டே உனக்குத் தெரியாது. காணாத மனுசனுக்குத் துடக்கோ?"

"நீதானே பாசமிகு எண்டு போட்டனீ."

"அது ஒரு மரியாதைக்குப் போட்டது!"

"அப்ப எடுத்து, பாசம் இல்லை எண்டு திருப்பிப் போடு."

முறைத்துவிட்டு, எங்களுக்குத் தெரிந்த கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியில் விட்டா. ஐயர் நிதானமானவர். உறவு முறையை இரண்டு தரம் கேட்டார். "கிட்டின பங்காளி எண்டும் சொல்லேலாது, தூரமெண்டும் தள்ளேலாது. வெளிநாட்டிலை கனபேர் மூண்டு நாளோடை விடுகினம். உங்கட மனசுக்கு எப்பிடிப் படுகுதோ, அப்பிடிச் செய்யுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"பாத்தியே, ஐயாவே சொல்லிப்போட்டார்!" அக்காவின் முகம் மலர்ந்தது.

மனைவி குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எனக்குத் துடக்கெண்டுதான் படுகுது, மச்சாள்" என்றாள்.

நான் ஆடிப்போனேன். என் சொந்தப் பெரியப்பா செத்தபோது, வேலைக்குப் போகிற மனுசருக்கு என்ன துடக்கு என்று சொல்லி நாலாம் நாள் நண்டுக்கறி வைத்தவள் இவள். அந்தக் கறியை அக்காவும் சாப்பிட்டா. அது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

"முப்பத்தொண்டும் காக்கவேணும். பாவமெல்லே மனுசன்" என்றாள் மனைவி.

"அப்ப துடக்கோடை உல்லாசப் பயணம் மட்டும் போகலாமோ?"

"அங்கை கோயிலும் இல்லை, மண்டபமும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. எங்கட துடக்கு ஆருக்கும் ஒட்டாது மச்சாள். நீங்கள் யோசிக்காமல் லண்டனுக்குப் போங்கோ. கலியாணம் கட்டினாப் பிறகு நீங்கள் அத்தான்ரை பக்கமெல்லே, உங்களுக்குத் துடக்கில்லை."

உலகத்துக்கெல்லாம் செய்தி சொல்லி அழுத தனக்குத் துடக்கில்லை என்பது அப்போதுதான் அக்காவுக்கே உறைத்தது. வாதாட இடமில்லை. துடக்குக் கிடையாது என்று எங்களுக்காக வாதாடினால் ஐயர் சொன்ன மனசு குறுக்கே நின்றது, உண்டு என்று ஒப்புக்கொண்டால் வானில் இரண்டு சீட் காலியாகப் போகும். தேத்தண்ணியைக் குடித்தா. அத்தானைத் தட்டி எழுப்பினா. சப்பாத்துப் போடும்போது நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தா.

"எல்லாம் சரி. தனிய ரெண்டு கிழமை. ரெண்டு பேரும் என்னத்தைக் கதைப்பியள்?"

கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே எங்களை நினைத்துக் கவலைப்பட்டுக் கேட்டா.

அன்றிலிருந்து துடக்குக் காத்தோம். நடிப்புக்குக் காக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். மனைவி அப்படிப்பட்டவள் அல்ல. ஃப்ரீசரில் இருந்த ஆட்டிறைச்சியைக் கீழ்வீட்டுப் போர்த்துக்கேயப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். சாமிப்பட அலுமாரிக்குத் துணி போட்டாள். வேலையிடத்தில் நான் குழம்பை ருசி பார்க்க மறுத்ததும் தலைமைச் சமையல்காரர் காரணம் கேட்டார். ரொறன்ரோவில் ஒரு சித்தப்பா செத்துவிட்டார் என்றேன். நெருக்கமானவரா என்றார். நான் அவரைக் கண்டதில்லை என்றேன். முதலில் ஆடு, இப்போது இது. அவர் அதற்குப் பிறகு என்னிடம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார்.

ஆறுதல் சொல்ல எடுப்பவர்கள் நிற்கவில்லை. என்ன வருத்தத்தால் செத்தவர், கடைசியில் நினைவிருந்ததோ, ஆர் பக்கத்தில் நின்றது என்று கேட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். நோர்வேக்கு மாரடைப்பு என்றும் ஜெர்மனிக்கு நீரிழிவு என்றும் சொல்லி, அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் கதைத்து நான் மாட்டிக்கொண்டபின், மனைவி நம்பர் தேடி ரொறன்ரோவில் அவருடைய மகனுக்கே எடுத்தாள். நெடுநேரம் கதைத்தாள். வைத்துவிட்டு யன்னலருகே போய் இருந்தாள்.

"பள்ளிக்கூட பஸ் ஓடினவராம். மனுசி செத்தாப் பிறகு தனியத்தான் இருந்தவராம்" என்றாள். "மகன்காரன் அடுத்த கிழமை புது வீடு குடிபூருறானாம். எப்பவோ நாள் வைச்சதாம். அங்கத்தை ஐயர் மூண்டு நாளோடை விடச் சொல்லிட்டாராம்."

"ஓ."

"மகளுக்கும் ஏதோ விசேஷமாம். அங்கை ஒருத்தரும் காக்கேல்லையப்பா."

நான் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"உலகத்திலையே நாங்கள் ரெண்டு பேர்தான் அந்த மனுசனுக்குத் துடக்குக் காக்கிறம்" என்றாள். "அதுவும் என்ன காரணத்துக்கு எண்டு அவருக்குத் தெரிஞ்சால்..."

அதன் பிறகு அவள் அதைப் பகிடியாகக் கதைக்கவில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது.

ஓகஸ்டில் வெளிக்கிட்டோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நிறுத்து என்ற இடமெல்லாம் நிறுத்தினேன். பேர்னைத் தாண்டும் முன்பே மூன்று தரம். ஒன்று சூரியகாந்தித் தோட்டம். ஒன்று மாடு. மூன்றாவது எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை, நான் நிறுத்துகிறேனா என்று பார்த்திருக்கிறாள். பிறகு பழைய லுங்கேர்ன் ஏரிக்கெல்லாம் சேர்த்து மன்னித்துவிட்டாள்.

அக்கா கவலைப்பட்டது சரிதான். எல்லையில் பாசல் நகரம் வரும்போதே எங்களிடம் இருந்த கதை முடிந்துவிட்டது. மகளைப் பற்றிக் கதைத்து முடித்தோம், ஹொட்டேலைப் பற்றிக் கதைத்து முடித்தோம், பிறகு பிரான்ஸ் முழுக்க வைக்கோல் உருண்டைகளைப் பார்த்துக்கொண்டு போனோம். கப்பலை விட்டு இறங்கி, இடப்பக்கத்தில் முதல் வட்டச்சந்தியை நான் வியர்க்க வியர்க்கச் சுற்றி முடித்தபோதுதான் அவள் சொன்னாள்:

"சித்தப்பா எண்டால் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருப்பார். பிள்ளையள் நிறைஞ்ச பஸ் ஓடின மனுசன்."

அதோடு தொடங்கியது. அவர் கனடாவுக்கு எப்படிப் போயிருப்பார், முதல் பனியைக் கண்டு என்ன சொல்லியிருப்பார், காலையில் பஸ் பிந்தினால் பிள்ளைகளிடம் என்ன சொல்லுவார், கோபக்காரரா. எங்களுக்குத் தெரிந்தது இரண்டு விசயம்தான், மிச்சத்தை நாங்களே உண்டாக்கினோம். நான் அவரைக் கொஞ்சம் முன்கோபியாக்கினேன். அவள் விடவில்லை. வடக்கே போகப் போக மழை கூடியது. தெருவோரக் கடைகளில் மீன் பொரிக்கும் வாசம் வந்தது. நான் வெறும் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றேன். ஒரு சொந்தக்காரரும் இல்லாமல் ஒரு பயணம் போகவேண்டும் என்று வெளிக்கிட்டவர்கள், கடைசியில் ஒரு சித்தப்பாவைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனோம்.

தீவு அவள் சொன்ன மாதிரியே இருந்தது. தெரு, கடல், மரமில்லாத மலை. ஆடுகளும் குறைவில்லை.

முப்பத்தோராம் நாள் அங்கேதான் வந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால், அந்தச் சின்ன வீட்டின் குசினியில் மனைவி தலை முழுகிவிட்டு நிற்கிறாள். மேசையில் சம்பா அரிசி, பருப்பு, கடதாசியில் சுற்றிய கத்தரிக்காய், வாழைக்காய். துன் தமிழ்க்கடையில் வாங்கி, எனக்குத் தெரியாமல் தன் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

"சித்தப்பாவுக்குக் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்புதான் விருப்பமாம். மகனுக்குத் தெரியேல்லை, மருமகள்தான் சொன்னவள்" என்றாள். "பின்னேரத்திலை ஒரு கிளாஸ் விஸ்கியும் எடுப்பாராம். நீங்கள் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ. நல்லதா."

செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம், குடிக்கிறவரென்றால் அதையும் ஊற்றி வைப்போம். ஊர்க்கடைக்குப் போனேன். கடைக்காரர் எந்த வகை வேண்டும் என்றார். செத்துப்போன சித்தப்பாவுக்கு என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவர் சிரிக்கவில்லை. ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். பள்ளிக்கூட பஸ் ஓடியவர், கொஞ்சம் முன்கோபி என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ஏணி வைத்து மேல்தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தந்தார்.

வாழையிலை இல்லை, வீட்டில் இருந்த பெரிய தட்டில் படைத்தோம். சோறு, பருப்பு, குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பக்கத்தில் விஸ்கி. விளக்கேற்றிக் கும்பிட்டோம். மனைவி ஏதோ முணுமுணுத்தாள். மன்னிப்புக் கேட்டாளோ, நன்றி சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. அவர் வந்து சாப்பிட, நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். சாத்தினோம். கொஞ்ச நேரம் விட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மனைவி மஞ்சள் கோட்டோடு சுவரில் சாய்ந்து நின்றாள். எதிரே கடல். கடலுக்கு அந்தப் பக்கம் மலைகள் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரிந்து மறைந்தன. செய்வதற்கு எங்களுக்கு ஒன்றும் இல்லை. போக ஓர் இடமும் இல்லை. அவளை இவ்வளவு நேரம் சும்மா நிற்க நான் கண்டதேயில்லை.

ஒரு மாதமாக மீன் காணாத எனக்குக் குழம்பு வாசம் கதவிடுக்கால் வந்து பசியைக் கிளப்பியது.

"தட்டட்டோ?" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் ஆறுதலாச் சாப்பிடட்டும்."

மழை வலுத்தது. எனக்குத் தலை நனைந்தது. நான் கதவைத் தட்டவில்லை.